துரையின் நல்ல கால்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லாரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்செட் செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, கடைசியில் ராவி மெருகேற்றிக் கொடுப்பாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருகிற இடத்தில் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். கண்ணைவிட விரலைத்தான் அவள் நம்புவாள்.

அவள் புருஷன் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேன் டிரைவர். பிறந்து கண் விழித்த கோழிக்குஞ்சுகளையும் வாத்துக்குஞ்சுகளையும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, எங்கெங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. அவன் இல்லாத நாட்களில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவளோடு பேசுவது குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி படியேறி வந்தான் டிரைவர்.

"என்னங்க, கட்டிக் கொடுத்ததைச் சாப்பிடவே இல்லையா?" என்றாள்.

பைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"மெதுவாப் பேசு. பயந்துக்கப் போறான்."

கத்தியது பைதானே தவிர அவள் இல்லை. திறந்து பார்த்தாள். டிரைவரின் முகம் துடைக்கிற துண்டுக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வாத்துக்குஞ்சு. ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டது.

"வாங்கறவன் பெட்டியைத் திறந்ததும் இவனைத் தூக்கி ஓரமா வெச்சுட்டான். நொண்டி எனக்கு வேண்டாம்னுட்டான். திருப்பிக் கொண்டுபோனா பண்ணையில என்ன செய்வாங்கன்னு உனக்குத் தெரியாது."

"என்ன செய்வாங்க?"

"தெரியாம இருக்கிறதே நல்லது. விடு. கால் ஒண்ணுதான் கொஞ்சம் சோம்பேறி. மத்தபடி ஆளு கெட்டிக்காரன். வழி பூரா என்னோட பேசிக்கிட்டே வந்தான்."

சோம்பேறி என்று டிரைவர் சொன்ன இடது கால், உடம்புக்குக் கீழே நிற்காமல் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தரையில் விட்டதும் வலது காலால் உந்தி, வயிற்றை இழுத்து, அரைவட்டம் அடித்துக் கவிழ்ந்தது. அவள் அதை மல்லாத்திப் பிடித்துக் காலைத் தடவிப் பார்த்தாள். நடு மூட்டு வீங்கி, தட்டையாக இருந்தது. நல்ல காலில் அந்த மூட்டின் பின்னால் நூல்போல ஒரு நரம்பு நேராக ஓடியது. கெட்ட காலில் அந்த நூல் பின்னால் இல்லை, பக்கத்தில் சரிந்து கிடந்தது. காலை லேசாக நீட்டி, விரல் நுனியால் நூலை ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே ஏதோ சொடக்கென்று உட்கார்ந்தது.

குஞ்சைக் கீழே விட்டாள். இரண்டு காலில் நின்றது. நின்றது மட்டுமா, தன்னுடைய மஞ்சள் கால்களைத் தானே குனிந்து பார்த்துவிட்டு டிரைவரின் செருப்பை நோக்கி நடந்தது. செருப்பை எட்டுவதற்குள் கால் மறுபடி வெளியே சரிந்து, மூக்குக் குப்புற விழுந்தது.

டிரைவர் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "பாத்தியா! பாத்தியா! உன் கைபட்டா பிளாஸ்டிக் பல்லே கடிக்குது, கால் நடக்காதா?" என்று குதித்தான். "பேரு வெச்சாச்சு. துரை. துரைமாருங்க நடக்க மாட்டாங்க, தூக்கிட்டுத்தான் போகணும். நம்ம துரைக்குப் பல்லக்கும் கிடைச்சாச்சு, பல்லக்காவும் கிடைச்சாச்சு."

அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். அந்த நடையைக் காணாமல் இருந்திருந்தால் அவளால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும். கண்டபின் முடியவில்லை. மறுநாள் காலையில் டிரைவர் நெடும்பயணம் ஒன்றுக்குக் கிளம்பிப் போனான். துரை அவள் தலையில் விழுந்தது.

விழுந்தது என்றால் முழுசாக விழுந்தது. அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, மேலே பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, தண்ணீரும் தீவனமும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினால், அவள் முதல் மாடிக்கு இறங்குவதற்குள் அது போட்ட கூச்சல் கட்டடம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் பிறந்த உயிர், தனியாக இருக்கத் தெரியவில்லை. கீழ்வீட்டம்மா கதவைத் திறந்து, "என்ன பல்லக்கா, வீட்டுல புகை அலாரம் அடிக்குதா?" என்று கேட்டாள். அவள் திரும்ப ஏறிப்போய் பெட்டியோடு வேலைக்குக் கிளம்பினாள்.

பல்செட் கூடத்தில் நாலு மேஜைகள். எங்கு தொட்டாலும் பிளாஸ்டர் தூசி. அலமாரி முழுக்க முகமில்லாத வாய்கள், ஒவ்வொன்றிலும் நோயாளியின் எண். முதலாளி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது பல்லு செய்யற இடமா, பண்ணையா?"

"வாத்துக்குப் பல் கிடையாது சார். நம்ம தொழிலுக்குத் தொந்தரவு வராது."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் பெட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். கால் கட்டைவிரல் பெட்டியின் ஓட்டையில் தெரிகிற வரைக்கும் துரை சத்தமில்லாமல் இருந்தது. காலை நகர்த்தினால் விசில்.

சாப்பாட்டு வேளையில் வேலையைத் தொடங்கினாள். நரம்பைத் தள்ளி உட்காரவைத்து, மூட்டைச் சுற்றி மெழுகுத் தகட்டைச் சுடவைத்து வளைத்து ஒரு உறை செய்தாள். அழகாகப் பொருந்தியது. பெட்டிக்கு மேல் எரிந்த பல்பின் சூட்டில் மெழுகு இளகி, சாயங்காலத்துக்குள் பாதத்தில் செருப்பாகிவிட்டது. மறுநாள், பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற அக்ரிலிக்கில் அச்சு எடுத்து வார்த்தாள். அது கனம். துரை அதை இழுக்க முடியாமல் கட்டிப்போட்ட நாய்போல ஒரே இடத்தில் சுற்றியது. முதலாளி தன்னையறியாமல் பின்னால் வந்து நின்றிருந்தார். "மெல்லிசா ராவு. இன்னும் ராவு. அங்க உள்பக்கம் குத்துது பாரு" என்றார். பிறகு அவரே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பல்லுக்கு மாட்டுகிற மெல்லிய கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து கொடுத்தார். அதை ஒட்டுத்துணியால் கட்டினார்கள். துரை நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து நின்றார்கள். துரை ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது. உள்ளே சொடக்கென்று சரிந்தது. கம்பி அப்படியேதான் இருந்தது, கட்டும் அவிழவில்லை. அதற்குள்ளேயே நரம்பு நழுவிவிட்டது.

"என்ன இது, இவ்வளவு செஞ்சும்..." என்று முதலாளி சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, மீதியைச் சொல்லாமல் தன் மேஜைக்குப் போனார்.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு விலங்கு மருத்துவமனைக்குப் போனாள். வரிசையில் எல்லாம் நாயும் பூனையும். பக்கத்தில் இருந்தவர், கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, "என்னங்க அது, கிளியா?" என்று கேட்டார். "வாத்து" என்றாள். "வாத்துக்கு வைத்தியமா!" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம்தான் அவளைக் குத்தியது.

டாக்டரம்மா சின்ன வயசு. துரையைக் கையில் வாங்கியதும் அவர் முகம் இளகியதையும், மூட்டைத் தொட்டதும் அது இறுகியதையும் அவள் கவனித்தாள்.

"இந்த நரம்பு உட்கார எலும்புல ஒரு பள்ளம் இருக்கணும்மா. இதுக்கு அந்தப் பள்ளமே ஆழமா வரல. நீங்க எத்தனை தடவை தள்ளி வெச்சாலும் வழுக்கிட்டு வந்துடும்."

அவளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. மேடு தேய்ந்துபோன ஈறில் எவ்வளவு கச்சிதமான பல்செட் செய்தாலும் நிற்காது. அப்படிப்பட்ட அச்சுகளை எத்தனையோ தடவை அவளே, "இதுல என் கையில ஒண்ணுமில்ல" என்று டாக்டர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"தச்சு நிறுத்த முடியாதா டாக்டர்?"

"பெரிய பறவைன்னா யோசிக்கலாம். இவ்வளவு பொடிசுக்கு மயக்க மருந்து குடுத்தா அதுலேயே போயிடும்."

"ஒத்தக் கால்லயே இருந்துட்டுப் போகட்டுமே. நான் பாத்துக்கிறேன்."

டாக்டரம்மா துரையின் வலது காலைத் தடவினார். "இப்ப இந்தக் கால் தாங்குது. ஏன்னா இப்ப இது பஞ்சு. வாத்து சீக்கிரமா வளரும்மா, நீங்க பாக்கப் பாக்க வளரும். அத்தனை கனமும் இந்த ஒத்தக் கால் மேல ஏறும். ஒரு நாள் இதுவும் விட்டுடும். அதுக்கப்புறம் வயித்தால இழுத்துக்கிட்டுக் கிடக்கும், புண்ணாகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னா, வலி தெரியாம அனுப்பிடலாம். இப்பவே முடிவு சொல்லணும்னு இல்ல."

"வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார்" என்றாள். அந்த நேரத்துக்கு அவளிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான். டாக்டரம்மா சத்து மருந்து ஒன்றைக் கொடுத்தார். இது குணமாக்காது, எலும்புக்கு நல்லது என்றார்.

அன்று சாயங்காலம் டிரைவர் போன் செய்தான். பின்னால் லாரிகள் இரைந்தன.

"துரை என்ன பண்றாரு?"

"சாப்பிட்டாரு. இப்ப என் காலைக் கடிச்சுக்கிட்டிருக்காரு."

"நடக்கறானா?"

அவள் துரையைப் பார்த்தாள். "முயற்சி பண்றான்" என்றாள்.

"விடாம பழக்கு. வழியில ஒரு கடையில பெரிய பிளாஸ்டிக் தொட்டி பாத்தேன், குழந்தைங்க குளிக்கிற தொட்டி. வாங்கிட்டேன். நீந்த வைக்கலாம்."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். எங்கோ ஒரு சாலையோரத்தில், முன் சீட்டில் தொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் என்னவென்று சொல்வது? "பாத்து ஓட்டுங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். அவன் கேட்பான், அவள் பாதியைச் சொல்வாள்.

தொட்டி என்று அவன் சொன்னதில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. துணி துவைக்கிற பாத்திரத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பித் துரையை விட்டாள். முதலில் ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு வாலை ஒரு சாய்ப்புச் சாய்த்தது. அவ்வளவுதான், நேராகப் போயிற்று. கெட்ட கால் பின்னால் சும்மா மிதந்து வந்தது, நல்ல கால் ஓட்டியது. தலையை முக்கி எடுத்து, முதுகில் தண்ணீரை வாரி இறைத்து, பாத்திரத்தின் விளிம்பைத் தட்டிப் பார்த்து, மறுபடி முக்கியது. சொல்லாமல் காட்டினால் ஒருவருக்கும் குறை தெரியாது. அவள் தரையில் உட்கார்ந்து, கை நனைய, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரிலேயே விட்டுவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் தாய் இல்லாத குஞ்சின் மென்மயிரில் எண்ணெய்ப் பிடிப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. துரை கனத்து, தாழ்ந்து, நடுங்க ஆரம்பித்தது. வாரி எடுத்துத் துவட்டி, பல்புக்கடியில் வைத்து, ஊதி ஊதிக் காயவைத்தாள். காய்ந்து பஞ்சானதும் எழ முயன்றது. அரைவட்டம் அடித்தது, கவிழ்ந்தது. ஒவ்வொரு நாளும் அது தண்ணீரில் கொஞ்ச நேரம் வாத்தாக இருந்துவிட்டுத் தரைக்கு வந்து நொண்டியானது.

இதற்கிடையில் துரை வளர்ந்தது. டாக்டரம்மா சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. ஒரு கையில் அடங்கியது இரண்டு கை கேட்டது. கழுத்து நீண்டது, அலகு அகன்றது, பெட்டி பற்றாமல் போயிற்று. உலகத்தில் எல்லாரும் வீட்டில் ஒரு பொடிசு இருந்தால் அது நன்றாகச் சாப்பிட்டு வளரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். அவள் மகளுக்குக் கதை சொல்லிச் சொல்லி ஊட்டியவள். இப்போது காலையில் துரையைத் தூக்கும்போதெல்லாம் நேற்றைவிடக் கனக்கிறதா என்று கை தானாக நிறுத்துப் பார்த்தது. கனத்தது. ஒவ்வொரு நாளும் கனத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணிந்து தீவனத்தைப் பாதியாகக் குறைத்தாள். குறைவாகத் தின்றால் மெதுவாக வளரும், மெதுவாக வளர்ந்தால் கால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். துரை கிண்ணத்தைக் காலி செய்தது. கிண்ணத்தின் அடியைத் தட்டியது. பிறகு அவளைத் தேடிக்கொண்டு கிளம்பியது. கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும், உந்தி, கவிழ்ந்து, இறக்கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து, மறுபடி உந்தி வந்தது. அவள் அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமல் நின்றாள். அது வந்து அவள் குதிகாலில் அலகை வைத்தது. கடிக்கவில்லை. வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. வந்தாயிற்று, இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்கிற மாதிரி.

அவள் டப்பாவைத் திறந்து தீவனத்தைக் கொட்டினாள். கிண்ணம் நிரம்பி வழிந்து தரையெல்லாம் சிந்தியது. "தின்னு. தின்னு தொலை" என்றாள். துரை சந்தோஷமாக வாலை ஆட்டிக்கொண்டு தின்றது.

டிரைவர் திரும்பி வந்தது ஒரு காலை நேரம். தொட்டியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "துரை எங்க? துரை எங்க?" என்று கேட்டுக்கொண்டே படியேறினான். வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் விட்டுப்போனது ஒரு பஞ்சு உருண்டை. இப்போது கூடத்தின் நடுவில் கிடந்தது பாதி வாத்து. இடது கால் பின்னால் மடங்கிக் காய்ந்த குச்சிபோல இருந்தது. நல்ல கால் உடம்பின் கனத்தில் உள்பக்கமாக வளைந்திருந்தது. நெஞ்சில் மயிர் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. அவன் குரல் கேட்டதும் அது தலையை உயர்த்திக் கத்தியது. வர முயன்றது.

டிரைவர் தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"முயற்சி பண்றான்னியே."

"பண்றானே, தெரியலையா?"

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்திருப்பீங்களா? வந்துதான் என்ன பண்ணியிருப்பீங்க? டாக்டர்கிட்ட காட்டியாச்சு. மெழுகு, கம்பி, அக்ரிலிக் எல்லாம் வெச்சுப் பாத்தாச்சு. ராத்திரி பகல்னு பாக்காம அமுக்கி அமுக்கி என் விரல் நுனியே மரத்துப் போச்சு. நீங்க பேரு வெச்சுட்டுப் போயிட்டீங்க."

அவன் சட்டையைக்கூட மாற்றாமல், பழைய துணிப்பை ஒன்றை எடுத்துக் கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டான். கனத்தைப் பை தாங்கும், பாதம் மட்டும் தரையைத் தொடும், நிற்கப் பழகும் என்றான். அதில் துரையை உட்காரவைத்தால், ஏதோ விசாரணைக்குப் பிடித்து வந்த பெரிய மனிதர் மாதிரி இரண்டு பக்கமும் முறைத்துப் பார்த்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரை ஒரு துள்ளு துள்ளியது. பை சுழன்றது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலறியது. டிரைவர் பதறி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அப்புறமும் விடவில்லை. பையை மாற்றிக் கட்டினான், நாற்காலியை மாற்றினான், அட்டையில் தொட்டில் மாதிரி ஒன்று செய்தான். அவள் நூலும் கத்தரியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பண்ணிப் பார்த்ததையெல்லாம் அவனும் தன் பங்குக்குப் பண்ணித்தான் தீரவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

வாங்கிவந்த தொட்டியில் துரை நீந்தியது. அதைப் பார்த்து டிரைவர், "இங்க பாரு, இவனுக்கு ஒண்ணுமே இல்ல" என்றான். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் வந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. காலையில் அவள் கிண்ணத்தோடு வந்து வழக்கம்போலத் தட்டினாள். துரை கழுத்தை நீட்டியது, இறக்கையை ஊன்றியது. உடம்பு எழவில்லை. நல்ல கால் முன்பக்கமாக வழுக்கிப் போயிற்று. அதை இழுத்துவைத்து மறுபடி ஊன்றியது. மறுபடி வழுக்கியது. துரைக்குப் புரியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அவள் கிண்ணத்தை அதன் அலகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். படுத்தபடியே தின்றது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். குரலிலேயே டிரைவருக்குத் தெரிந்துவிட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாய் நுரையோடு வந்து நின்றான்.

அன்றைக்கே கிளம்பினார்கள். மருத்துவமனையில் டாக்டரம்மா இல்லை, வேறெங்கோ முகாமுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. லேசாக இருப்பது இரண்டு பேருக்கும் வெட்கமாகவும் இருந்தது. ஒருவேளை ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுமோ என்று டிரைவர் ஆரம்பித்தான். "ஆகலாம்" என்று அவளும் சொன்னாள். வீட்டுக்கு வந்து அதன் நெஞ்சுப் புண்ணைத் துடைத்து மருந்து போடும்போது துரை முதல் தடவையாக அவள் கையைக் கொத்தியது. வலித்திருக்கிறது. அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனை வாசலில் வேனை நிறுத்தினான் டிரைவர். எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தான்.

"இறங்குங்க" என்றாள்.

"வண்டிய இங்க விட்டா யாராவது திட்டுவாங்க."

தெருவில் இடம் தாராளமாக இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் குஞ்சுகளைக் கொண்டுபோய் இறக்கியவன் அவன். "சரி, இருங்க" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் இறங்கினாள். பெட்டியை எடுக்கும்போது அவன் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டிப் பெட்டிக்குள் விட்டு, துரையின் தலையை ஒரு விரலால் தொட்டான். துரை அந்த விரலைக் கடித்து இழுத்தது.

டாக்டரம்மா இரண்டு கால்களையும் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "நீங்க வெளிய இருக்கீங்களா?"

"இல்ல. நான் பிடிச்சுக்கிறேன். வேற கைன்னா பயப்படும்."

மேஜை வழவழவென்று இருந்தது. துரை அதில் சறுக்கிவிடுமே என்று அவள் தன் மேல்துணியை மடித்துக் கீழே விரித்தாள். விரித்த பிறகுதான் அது எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் சுருக்கத்தைத் தடவிச் சரிசெய்தாள். துரை புது இடத்தை ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது. பிறகு அவள் நகக்கண்ணில் படிந்திருந்த பிளாஸ்டரைக் கிளற ஆரம்பித்தது. அது அதற்குப் பிடித்த வேலை. ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டே வந்தது. ஊசி போட்டது அதற்குத் தெரிந்ததோ என்னவோ, ஒரு விரலில் கொஞ்சம் நின்றது. அப்புறம் அலகு அந்த விரல்மேலேயே இருந்தது, கிளறவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. டாக்டரம்மா கேட்டுப் பார்க்கிற குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சதும்மா" என்றார்.

"இன்னும் சூடா இருக்கே."

"கொஞ்ச நேரம் இருக்கும்."

அவள் அந்தக் கொஞ்ச நேரமும் நின்றாள். பெட்டியை அவர்களே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மேல்துணியை மட்டும் உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. வேன் நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டிருந்தது.

ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் அவளுடைய வெறுங்கையைப் பார்த்தான்.

"கத்தினானா?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லு. இந்தத் தடவையாவது முழுசாச் சொல்லு."

"கத்தலைங்க. என் நகத்தைக் கிளறிக்கிட்டே இருந்தான். அப்படியே போயிட்டான்."

அவன் தலையாட்டினான். கியரைப் போட்டான். வேன் நகர்ந்தது. கடைகள் திறந்துகொண்டிருந்தன. யாரோ நடைபாதையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அவன் திரும்பவில்லை. அவள் பார்த்தாள். அவள் வேலைக்கு இறங்கவேண்டிய முனையும் வந்தது. அதுவும் பின்னால் போயிற்று. கட்டடங்கள் குறைந்து, கிடங்குகள் வந்து, அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வெறும் வேலிகளாக வந்தன.

கடைசியில் டிரைவர்தான் கேட்டான். "எங்க போறோம்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான ஓட்டறீங்க."

அவன் வேனை ஓரங்கட்டினான். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, திருப்பறேன்" என்றான்.

சைகை விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். எதிரில் லாரியும் பஸ்ஸும் காருமாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு வேன் திரும்புகிற அளவுக்கு இடைவெளி கிடைக்கவில்லை. அவன் ஹாரன் அடிக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.